விதானையாருக்கு எந்தச் சத்துக் குறைவு

கொக்குமுனை வட்டை நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் வயல். அதற்கு வட்டை விதானை வினாயகமூர்த்தி. நாட்டில் ஆட்சிகள் வந்தன, போயின. கொக்குமுனையில் பதினொரு வருடமாக ஆட்சி மாறவில்லை. எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர், யார் இரகசியமாக வரம்பை வெட்டினார், எவருடைய எருமை எவருடைய பயிரில் விருந்துண்டது என்பவற்றிலெல்லாம் அவர் சொன்னதே தீர்ப்பு. இத்தனை அதிகாரமுள்ள பதவிக்கு அரசாங்கம் ஒரு வாகனம் ஒதுக்கவில்லை. ஆளுக்குத்தான் இரண்டு கால்கள் இருக்கின்றனவே என்று விட்டிருக்கலாம்.

அரசாங்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. அவை அப்படிப்பட்ட கால்கள். வரம்பில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். நண்டு வளை வைத்த வரம்பு மேலே பார்த்தால் கல்யாண வீட்டு முற்றம் மாதிரி ஒழுங்காக இருக்கும். உள்ளே மண் பொசபொசவென்று கிடக்கும். கண்ணுக்குத் தெரியாததை அவருடைய உள்ளங்கால் கண்டுவிடும். நின்று, ஒருமுறை மிதித்து, "இஞ்ச வெட்டி அடை" என்பார். வெட்டிப் பார்த்தால் நண்டு உள்ளே குடும்பத்துடன் இருக்கும்.

அந்த உள்ளங்கால்தான் அறுபத்திரண்டாவது வயதில், சிறுபோகத்தின் நடுவில், விதானையாரிடம் சொல்லாமல் லீவு எடுத்துக்கொண்டது.

முதலில் தரையில் யாரோ சாக்கு விரித்துவைத்ததுபோல் இருந்தது. பிறகு ஊசி குத்துவதுபோல் ஒரு நமநமப்பு. பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் முத்தலிப் காக்காவின் வயலோரம் ஒரு பெரிய வளைக்கு மேலே நின்றுகொண்டே, "இந்த வரம்பு உறுதி" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த நாள் விடிய வரம்பு உடைந்து காக்காவின் மூன்று ஏக்கர் நெல் தண்ணீருக்குள் கிடந்தது. பதினொரு வருட ஆட்சியில் மேல்முறையீட்டுக்கு உள்ளான முதல் தீர்ப்பு அது.

அதைக்கூட ஊர் மறந்திருக்கும். பாதையில் நடந்ததை மறக்கவில்லை.

விதானையாரின் வீடு குருக்கள்மடத்தில். வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். ஒரு மாலை அந்தப் பாதையில் ஏறியபோது அவர் ஒருதரம் ஆடினார். பிறகு இன்னொருதரம் ஆடி, ஒரு மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்து நின்றார். வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது, பாதை ஆடவில்லை. ஆடியது விதானையார் மட்டுந்தான் என்பதை முப்பது பேர் கண்டார்கள். அந்த முப்பது பேரில் ஒருவர் கந்தப்போடி.

கந்தப்போடிக்குக் கொக்குமுனையில் நாற்பது ஏக்கர். மூன்று போகமாக விதானைப் பதவியில் கண். அவர் குரலை உயர்த்தாமல், ஆனால் முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"என்ன விதானையார், ஒரு செருப்பு மட்டும் வந்திரிக்கி? மற்றது லீவா?"

வினாயகமூர்த்தி குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியாது. கால் அறிவிக்கவில்லை.

"சேத்துக்க விட்டிட்டன் போல" என்றார்.

"ஓம் ஓம். பின்னேரம் எண்டா செருப்பென்ன, இடுப்புச் சாரனும் தவறும்."

பாதை சிரித்தது. வாழ்நாளில் கள்ளு முட்டியை முகர்ந்துகூடப் பார்க்காத மனிதர், கரை இறங்குவதற்குள் குடிகாரர் ஆகிவிட்டார். மற்றவர்கள் அந்தப் பட்டத்துக்காகப் பல வருடம் பாடுபடுகிறார்கள்.

அடுத்து வரும் பெரும்போக விதைப்புக்கான ஆரம்பக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம். அந்தக் கூட்டத்தில்தான் விவசாயிகள் கை உயர்த்தி விதானையைத் தெரிவுசெய்வார்கள். அதற்குள் கால் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் பதவி கந்தப்போடிக்கு. கந்தப்போடி விதானையானால் தண்ணீர் அவருடைய நாற்பது ஏக்கரைத் தாண்டிக் கடைசி வயல்களுக்குப் போவது அவரவர் தலையெழுத்து.

விதானையார் மருத்துவத்தை அலட்சியம் செய்தவர் என்று யாரும் சொல்லக்கூடாது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த நாள் முதல், பதினொரு வருடமாக, மாதத்தின் முதல் புதன்கிழமை கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஆசுபத்திரி வரிசையில் நின்றிருக்கிறார். எந்த ஆசுபத்திரி என்பது வேண்டாம். டொக்டர்மார் மாறினார்கள், கொப்பிகள் மாறின, கொப்பியில் எழுதுகிற வாசகம் மாறவில்லை. 'அதே மருந்து.' காலையிலும் மாலையிலும் சீனிக் குளிசை. சாப்பாட்டுக்கு முன் வயிற்றுப் புளிப்பை அடக்குகிற குளிசை. இந்த இரண்டாவது குளிசை ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு நெஞ்செரிவுக்காக, இரண்டு கிழமைக்கென்று வந்தது. இரண்டு கிழமைக்கென்று வந்த விருந்தாளியைப் போகச் சொல்வது யார் பொறுப்பு என்று தெளிவில்லாததால் அது வீட்டு ஆளாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை அவர் டொக்டரிடம் சொன்னார். "ஐயா, கால் விறைக்குது."

டொக்டருக்கு அன்று நூற்று நாற்பது பேர். இவர் நூற்றுப் பதினேழாவது. "சீனிக்கு அப்பிடித்தான் இருக்கும். நல்லா நடக்கவேணும் ஐயா. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடவுங்க."

ஒரு நாளைக்கு எட்டு மைல் வரம்பில் நடக்கிறவர் கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொப்பியில் எழுதியிருந்தது: அதே மருந்து.

வீட்டில் அவருடைய மனைவி மங்கையற்கரசி கிளினிக்கைவிட வேகமாக முடிவுக்கு வந்தார்.

"இஞ்சேருங்க, உங்களுக்குச் சத்துக் குறைவு."

"எனக்கா? நேத்து ராத்திரி நண்டு எத்தின திண்டனான்?"

"நாலு."

"மறுகா என்ன சத்துக் குறைவு?"

"நாலு காணாது."

இப்படியாக விதானையாருக்கு வாவி முழுவதையும் ஊட்டுகிற வேலை தொடங்கியது. காலையில் முட்டை, மதியம் மணலை மீன், இரவில் இறால், ஞாயிற்றுக்கிழமை ஈரல். சத்து என்று பெயருள்ள எதையும் மங்கையற்கரசி விட்டுவைக்கவில்லை. மூத்த மகள் யசோதினி தலைப்பிள்ளையை ஐந்து மாதமாக வயிற்றில் சுமந்துகொண்டு தாய்வீட்டில் இருந்தாள். அவளுக்கு அரசாங்கம் கொடுத்த சத்துமாவில் பாதி அப்பாவின் கோப்பைக்குப் போனது. கடைசியில் அவளுடைய சத்துக் குளிசைகளும் போயின. கர்ப்பிணித் தாய்மாருக்கென்று தருகிற இரும்புக் குளிசை ஒன்று; சிறிய மஞ்சள் குளிசை ஒன்று. யசோதினிக்கு அவற்றைக் கண்டாலே ஓங்காளம். எனவே தானம் இருபக்கமும் மகிழ்ச்சியாக நடந்தது.

"புள்ளத்தாச்சிக்கு நல்லதெண்டா மனிசனுக்குக் கூடாதா?" என்றார் மங்கையற்கரசி. "சத்து எண்டா சத்துத்தான்."

இந்த ஒரு வாசகத்தில்தான் விதானையாரின் கால்கள் கிட்டத்தட்டப் பறிபோயின. சத்து என்பது ஒரே சாமான், ஒரே மூட்டையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் கொடுப்பது என்று குருக்கள்மடம் நம்பியது. விதானையாரும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வது? இரண்டு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. கிளினிக்கில் சண்டைபிடித்து எடுப்பித்த இரத்தப் பரிசோதனையும், "இரத்தம் நல்லா இரிக்கி" என்றது. இரத்தம் நன்றாக இருந்தது. முகம் நன்றாக இருந்தது. கால்கள் மட்டும் முழங்கால்வரை இல்லாமல் போயின.

அதற்குப் பிறகு அவருக்கு எரிச்சல் வராத ஆளில்லை. "நடவுங்க" என்ற டொக்டர்மேல் எரிச்சல். செய்வினை என்று சொல்லி எலுமிச்சம்பழம் வெட்டவந்த பக்கத்து வீட்டார்மேல் எரிச்சல். "கொஞ்சம் குறைச்சா நல்லம் விதானையார்" என்று தோளில் தட்டிப் புத்தி சொன்ன, நிஜமாகவே குடிக்கிற மனிதர்கள்மேல்தான் பெரிய எரிச்சல். வரம்பில் நடக்கும்போது தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டு, இது இங்கே இருக்கிறது, அது அங்கே இருக்கிறது என்று சரிபார்த்து நடந்தார். கண்ணை எடுத்தால் வயலுக்குள். அந்த மாதத்தில் நாலுதரம் வயலுக்குள்.

ஆரம்பக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பிரஷாந்தி வந்தாள். கடிதங்களில் அவள் குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு மிஸ்ஸி. கர்ப்பிணித் தாய்மாரின் வீடுவீடாகப் போய்க் குளிசையை எண்ணிப் பார்ப்பதும் அவளுடைய கடமைகளில் ஒன்று. யசோதினியின் பெட்டியை முற்றத்துக் கதிரையில் கவிழ்த்து எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"என்ன யசோதினி, எல்லாம் முடிஞ்சிட்டு? அடுத்த கிழமைவரைக்கும் இரிக்கோணும்."

யசோதினி நிலத்தைப் பார்த்தாள். "அப்பாவும் குடிக்கிறார் மிஸ்ஸி."

பிரஷாந்தி பேனையை மூடினாள். வாசலில் நின்ற விதானையாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவருக்கு எத்தினையாம் மாசம்?"

வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பெண் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அன்று மாலைக்குள் கல்லாற்றுவரை செய்தி போயிருந்தது.

"பகிடி விடாதீங்க மிஸ்ஸி" என்றார் விதானையார். "எண்ட கால் போயிட்டு. ஆரும் கேக்கிறாங்க இல்ல. நடக்கச் சொல்றாங்க, தின்னச் சொல்றாங்க, குடிக்காதயெண்டு சொல்றாங்க. நான் நடக்கிறன், தின்றன், குடிக்கிறதே இல்ல. இன்னும் என்னதான் செய்யிற?"

பிரஷாந்தியின் முகத்திலிருந்த பகிடி போனது. "கிளினிக் கொப்பியக் கொண்டு வாங்க" என்றாள்.

பொலித்தீன் பையைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அதே மருந்து, அதே மருந்து, அதே மருந்து. பழைய கொப்பியையும் கேட்டாள். அதற்கு முந்தியதையும் கேட்டாள். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்தாள்.

"அன்ரி, இவருக்கு என்ன சத்தெண்டு குடுத்தீங்க?"

"சத்துத்தான் மிஸ்ஸி."

"சத்தெண்டு ஒண்டு இல்ல அன்ரி. அது ஒரு கூட்டம். இந்த மஞ்சள் குளிசை வயித்தில வளர்ற புள்ளக்கு வேணும், அதத்தான் யசோதினி குடிக்கோணும். இவருக்குக் குறைஞ்சது வேற ஒண்டா இரிக்கும் போல. பி பன்னெண்டு எண்டு சொல்றது. அது குறைஞ்சா இரத்தமும் கெடும், நரம்பும் கெடும். நீங்க மஞ்சளக் குடுத்து இரத்தத்த மட்டும் வடிவாக்கிட்டீங்க. பரிசோதனையில எல்லாம் நல்லம். நரம்பு உள்ளுக்குள்ள படுது, ஆருக்கும் தெரியல்ல."

"அந்தப் பன்னெண்டு எதில இரிக்கி?"

"மீன், முட்டை, ஈரல், பால்."

மங்கையற்கரசி நாலு விரலை நீட்டினார். "நாலு நண்டு திண்ட மனிசன் மிஸ்ஸி!"

"திண்டா காணாது. மீனில இருந்து அது கழரோணுமெண்டா வயித்தில புளிப்பு வேணும். இவர் ஒம்பது வருசமாப் புளிப்ப அடக்கிற குளிசை குடிக்கிறார். வயசுபோனாத் தானாகவும் புளிப்புக் குறையும். மிச்சம் மீதி கழண்டது குடலுக்கால ஏறப்போக, சீனிக் குளிசை கனகாலம் குடிச்சா அதுவும் மறிக்கும். எல்லாருக்கும் இப்பிடி வரா. இவருக்கு மூண்டும் ஒண்டாச் சேந்திட்டு."

விதானையார் குனிந்து தன் காலைப் பார்த்தார். மருத்துவக் கல்லூரியில் வருடக்கணக்காகப் படிப்பிக்கிற விடயம் அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. பதினொரு வருடமாக அவரிடம் வருகிற முறைப்பாடு வேறென்ன?

"அப்ப, குளம் நிறைஞ்சி கிடக்கு" என்றார் மெதுவாக. "மதகில துரிசு திறபடல்ல. வாய்க்காலும் அடைச்சிக் கிடக்கு. கடைசி வயல் காயுது."

"ஓம். கடைசி வயல்தான் கால்."

"அப்ப இவ்வளவு நாளும் எண்ட வயித்துக்கு விதானை ஆர்?" என்று கத்தினார். யாரிடம் கத்துகிறார் என்று அவருக்கே தெரியாது. "மாசா மாசம் போய் நிண்டனே! பதினொரு வருசம்! ஒருத்தன் துரிசப் பாக்கல்லயே!"

பிரஷாந்தி மூடிய பேனையைத் திறந்தாள். கிளினிக் டொக்டருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாள். யசோதினிக்குப் புதிய குளிசை கொடுத்து, தன் கண்முன்னே விழுங்கச் செய்துவிட்டுப் போனாள். போகும்போது, "சீனிக் குளிசைய நீங்களா நிப்பாட்டிறாதீங்க, அது வேற கரைச்சல்" என்று விரல் நீட்டி எச்சரித்தாள்.

துண்டைப் பார்த்த டொக்டர் கொப்பியை முதல்தரம் முழுவதும் வாசித்தார். ஆள் நல்லவர், காதுவரை சிவந்துபோனார். இரத்தம் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போய், ஐந்து நாளில் விடை வந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஊசி எழுதினார்: முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மாதாமாதம். வயிற்றுக் குளிசையை மெல்லக் குறைக்கச் சொன்னார்.

"கூட்டம் வாற வெள்ளிக்கிழமை ஐயா" என்றார் விதானையார். "அதுக்குள்ள கால் வருமா?"

"நரம்பு அவசரப்படாது. மாதக்கணக்காகும். எல்லாம் திரும்பும் எண்டும் சொல்லேலாது."

ஒன்பது வருடம் காத்திருந்த நரம்புக்கு ஏழு நாள் அவசரப்பட முடியவில்லை. விதானையார் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைக் கையை மடித்தார்.

கூட்டம் வட்டையோரம், ஒரு மாமரத்தின் கீழ் நடந்தது. நூறு பேருக்குக் கிட்ட. விவசாயத்தைப் பார்க்கிற அரசாங்கக் கமநல உத்தியோகத்தர் மேசைக்குப் பின்னால். விதைப்புத் திகதி தீர்மானமாகியது, மாடு அகற்றும் திகதி தீர்மானமாகியது. விதானைத் தெரிவு வந்ததும் கந்தப்போடியின் மைத்துனர் எழும்பினார்.

"ஆள நாங்க மதிக்கிறம். ஆனா பாதையில ஆடுறார், வரம்பில விழுறார். அதுக்குக் காரணம் என்னண்டு நான் சொல்லத் தேவல்ல."

வினாயகமூர்த்தி இதற்காகத்தான் வந்திருந்தார். கொப்பியை உயர்த்திப் பிடித்தார். ஆய்வுகூடத் தாளை உத்தியோகத்தரின் மேசையில் வைத்தார். குளம், துரிசு, வாய்க்கால், கடைசி வயல் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். நல்ல பேச்சு. அவர் குடிகாரர் அல்ல என்பது நூறு பேருக்கும் ஐயந்திரிபற விளங்கியது.

விளங்கியதுதான் வினையாகியது.

"அப்ப குடிக்கல்ல" என்றார் ஒருவர் கவலையோடு.

"வருத்தக்காரர்."

"குடிகாரன் எண்டாப் பறவாயில்லகா, விடிய வெறி முறிஞ்சிரும். முந்தி இருந்த விதானை குடிக்காத நாள் எது? இது முழு நாளும் எல்லோ?"

"பாவம். பாம்பு கடிச்சாலும் தெரியாது. ஆள வீட்டில வைச்சிப் பாக்கோணும்."

பாவம் என்ற சொல் வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. விதானையாருக்கு நெஞ்செரிந்தது, குளிசையைக் குறைத்திருந்ததால் உண்மையாகவே எரிந்தது. அவதூறுக்குப் பதில் வைத்திருந்தார். இரக்கத்துக்கு அவரிடம் ஒரு தாளும் இல்லை.

கந்தப்போடி மரத்தில் சாய்ந்து நின்றபடி, பெருந்தன்மையோடு சொன்னார். "அவர் ஓய்வெடுக்கட்டும். பாரத்த நான் சுமக்கிறன்."

அப்போது முத்தலிப் காக்கா எழும்பினார். நெல் நாசமான மனிதர். அவர் என்ன சொல்வார் என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஆனால் அவர் கந்தப்போடியின் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு வெகு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடியார், உங்களுக்குச் சீனி எத்தின வருசம்?"

"அது என்னத்துக்கு இப்ப? பதினாலு."

"வயித்துக்குக் குளிசை?"

"ஆர்தான் குடிக்கிற இல்ல? சாப்பாட்டுக்கு முன்ன ஒண்டு. காலுக்கு ஒண்டும் இல்ல எனக்கு!"

"அல்லாக்காகக் காலக் கொஞ்சம் பாருங்க."

கந்தப்போடி பார்த்தார். மாமரத்திலிருந்து இறங்கிய முசுறுகள், அந்தச் சிவத்த எறும்புகள், அவருடைய இடது பாதத்தை ஒரு பொது வீதியாக எடுத்துக்கொண்டு கணுக்கால்வரை ஏறியிருந்தன. அரைவாசி கடித்துக்கொண்டு தொங்கின. ஒரு முசுறு கடித்தால் ஆறடி ஆண்மகன் வாய்க்காலைத் தாண்டுவான். கந்தப்போடி பேச்சு முழுவதும் புன்னகையோடு நின்றிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நாலைந்து பேர் மெதுவாகத் தங்கள் கால்விரலைக் கிள்ளிப் பார்த்தார்கள்.

"இப்ப கணக்குச் சரி" என்றார் முத்தலிப் காக்கா. "ரெண்டு பேருக்கும் கால் இல்ல. ஒராளுக்குத் தெரியும், ஊசி போடுறார். மற்ற ஆளுக்குத் தெரியாது. எண்ட வயலுக்குத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

கைகள் உயர்ந்தன. உத்தியோகத்தர் எண்ணினார். அறுபத்து மூன்றுக்கு முப்பத்தொன்று. திரு. வினாயகமூர்த்தி மீண்டும் விதானை. கூடவே, சபை ஏகமனதாக ஒரு நிபந்தனையும் நிறைவேற்றியது: விதானையார் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டதற்கான கிளினிக் கொப்பியை விவசாயிகள் கேட்டால் காட்டவேண்டும், கால் திரும்பும்வரை வரம்பில் தடியோடும் செருப்போடும் நடக்கவேண்டும்.

விதானையார் கையெழுத்திடப் பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசி வயலுக்குத் தண்ணீர் தவறாத பதினொரு வருடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேர்மைக்கு வாக்கில்லை, உழைப்புக்கு வாக்கில்லை. ஊசிக்கு அறுபத்து மூன்று. பேனை தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

மேசையோரம் கந்தப்போடி வந்து நின்றார். துவாயால் பாதத்தைத் தட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"விதானையார், அந்தப் பரிசோதனைக்கு ஆரிட்டச் சொல்லோணும்?"

வினாயகமூர்த்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பாதையில் கேட்ட முப்பது பேரின் சிரிப்பும் தொண்டைவரை வந்தது. வயலுக்குத் தண்ணீர் கேட்டு வருகிறவனுக்குச் சொல்கிற அதே குரலில், முறை சொன்னார்.

"புதன்கிழமை விடிய அஞ்சு மணிக்குக் கொப்பியோட வாங்க. பழைய கொப்பியளயும் கொண்டு வாங்க, ஒண்டும் விடாம. வரிசையில எனக்குப் பின்னால நில்லுங்க."